கரீபியனில் சுழியோட எந்தத் தீவு?

கரீபியனில் குறைந்த செலவில் சுழியோட விரும்புவோர் முதலில் விமானச் சீட்டின் விலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் போய் இறங்கிய பின் கையைக் கடிப்பது பெரும்பாலும் படகுச் செலவுதான்.

பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு நெதர்லாந்துக்குச் சொந்தமான பொனேர் தீவு ஏற்றது. அங்கே பவளப்பாறை கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் இருக்கிறது. இறங்கும் இடங்களை வீதியோர மஞ்சள் கற்கள் காட்டும். வாகனமும் காற்றுச் சிலிண்டரும் வாடகைக்கு எடுத்தால், துணையோடு விரும்பிய நேரம் இறங்கலாம். 1979 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் என்பதால் கட்டணம் உண்டு. பிள்ளைகளின் கோடை விடுமுறை சூறாவளிக் காலத்தில்தான் வருகிறது. பொனேர் அந்தப் பாதைக்குத் தெற்கே இருப்பது இன்னொரு வசதி.

புதிதாகப் பழகுவோருக்கு ஹொண்டுராஸின் உட்டிலா தீவு மலிவு. பயிற்சிப் பள்ளிகள் பல இருப்பதால் போட்டியில் கட்டணம் குறைகிறது. சில பள்ளிகள் தங்குமிடமும் சேர்த்தே தருகின்றன. ஆனால் சூறாவளிக் காலத்தில் அங்கே அவதானம் தேவை.

எங்கே போனாலும் கடைசி நாளில் சுழியோட வேண்டாம். பல தடவை சுழியோடியவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் கழித்தே விமானம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் உடலில் கரைந்த நைதரசன் குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஒரு நாளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.