மூலம் காக்கும் படிமம்

நுழையும்முன்

ஓலை சிதையும் முன்னே அதனைப் பெயர்த்தெழுதிக் காத்தது தமிழர் மரபு. ஏட்டின் இடத்தைக் கணினி வட்டு பெற்றுவிட்ட இக்காலத்திலும் அந்நெறியே தரவு மீட்பின் முதல் பாடமாக விளங்குகிறது.

வெள்ளமும் வன்தட்டும்

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையால் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தன. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மகிழுந்து ஆலைகளின் உற்பத்தி நின்றது. நின்றுபோன பொறியைப் பழுதுநீக்கி மீண்டும் இயக்கலாம். உதிரிபாகங்களின் வரைபடங்களும் பொறியை இயக்கும் நிரலும் ஒரே வன்தட்டில் இருந்து, அதுவும் நீரில் மூழ்கினால் ஒரு சிறு தொழிற்கூடத்தின் பல்லாண்டு உழைப்பே கேள்விக்குறியாகும்.

வன்தட்டு சுழலும்போது, அதன் படிப்புமுனை பரப்புக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. இடையில் சேற்றுத்துகள் புகுந்தால் பரப்பு கீறப்படும். எனவே, நனைந்த தட்டுக்கு மின்சாரம் செலுத்தாமல், தூய அறை வசதியுள்ள வல்லுநரிடம் ஒப்படைத்தலே நலம்.

அழிந்தும் அழியாதவை

கோப்பொன்றை நீக்கும்போது பெரும்பாலும் அதன் முகவரிக் குறிப்பே நீக்கப்படுகிறது. புதிய தரவு அவ்விடத்தில் எழுதப்படும்வரை உள்ளடக்கம் வன்தட்டில் எஞ்சியிருக்கும். ஆனால், வட்டைக் கணினியோடு 'மவுண்ட்' செய்த நொடியிலிருந்து இயக்க அமைப்பு நாம் அறியாமலே அதில் எழுதத் தொடங்கும். நேரக் குறிப்புகள் மாறும், தற்காலிகக் கோப்புகள் தோன்றும். எனவே, மீட்க வேண்டிய வட்டை மவுண்ட் செய்யாமலே கையாளுதல் வேண்டும். திண்மநிலை வட்டுகளில் நீக்கிய பகுதிகள் தாமாகவே துடைக்கப்படலாம் என்பதால், அவற்றில் காலத்தாழ்வு கூடாது.

படிமம் எடுத்தல்

வட்டின் முதல் பிட் முதல் இறுதி பிட் வரை, வெற்றிடம் உட்பட, அப்படியே படியெடுத்த கோப்பே வட்டுப்படிமம் ஆகும். அதனை மூலவட்டில் சேமிக்கலாகாது. போதிய இடமுள்ள வேறொரு வட்டில் சேமிக்க வேண்டும். பழுதுற்ற வட்டாயின், டிடிரெஸ்கியூ போன்ற மென்பொருள் நலமான பகுதிகளை முதலில் படித்து, இடர்ப்பாடான பகுதிகளைக் குறித்துவைத்துப் பின்னர் முயலும். அதன்பின் தேடுதலும் சீரமைத்தலும் படிமத்தின் நகலிலேயே நடைபெறும். முயற்சி தவறினும் மூலம் ஊறுபடாது.

நலமான வட்டாயின், மூலத்துக்கும் படிமத்துக்கும் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒரு பிட் வேறுபடினும் மதிப்பு மாறிவிடும். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் இம்மதிப்பைக் குறிப்பிட வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023.

தெரிந்து தெளிவோம்

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறியதில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். சிதைவுகளிடையே கிடைத்த வன்தட்டிலிருந்து, செனான் வளிமம் குறித்த ஆய்வுத் தரவுகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீட்கப்பட்டது. அவ்வாய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின.

நிறைவாக

மீட்புக்கலை எவ்வளவு வளரினும், மேலெழுதப்பட்ட தரவை மீட்டுத் தர அதனால் இயலாது. வேறோர் இடத்தில் பாதுகாத்த நகலே உறுதியான காப்பு. இழப்பு நேர்ந்தபின் பதற்றத்தில் வட்டை மீண்டும் மீண்டும் இயக்காமல், முதலில் கையை எடுத்துவிடுதலே அறிவுடைமை.