அப்பா அம்மா இருந்தும் அநாதை: ஜோலாவின் போலினும் திருச்செங்கோட்டுக் கூளையனும்

'அநாதை' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பழைய சினிமாதான். சோகப் பாட்டு ஓடும், கடைசி ரீலில் பணக்கார அப்பா வந்துவிடுவார். பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா 1884-ல் எழுதிய 'லா ஜுவா த விவ்ர்' (பொருள்: வாழ்வின் மகிழ்ச்சி) நாவலில் அப்படி யாரும் வருவதில்லை.

அதில் வரும் போலினுக்கு 10 வயது. பாரிஸில் இறைச்சிக்கடை வைத்திருந்த பெற்றோர் இறந்துவிட, கடற்கரைக் கிராமத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறாள். கூடவே அவளுடைய சொத்துப் பணமும் வருகிறது. வீட்டம்மா அதை மேஜை டிராயரில் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார். முதலில் கொஞ்சம் கைமாத்து. அப்புறம் மகன் தொடங்கும் கடற்பாசித் தொழிலுக்கு. பிறகு வீட்டுச் செலவுக்கே. பணம் கரையக் கரைய, போலினைக் கண்டாலே அவருக்கு ஆகாமல் போகிறது. எடுத்தவருக்குத்தான் கோபம் அதிகம். நம்ம ஊரில் நடக்காததா என்ன!

சரி, இயல்புவாதம் என்றால்?

மனிதர்களைப் பரம்பரையும் சூழலும் பணமும் எப்படி வளைக்கின்றன என்று ஒரு விஞ்ஞானி மாதிரி உற்றுப் பார்த்து எழுதுவது. ஜோலா 1871 முதல் 1893 வரை ஒரே குடும்பத்தின் கிளைகளை வைத்து 20 நாவல்கள் எழுதினார். போலின் கதையும் அதில் ஒன்று. ஜோலாவே 6 வயதில் அப்பாவை இழந்தவர்.

தமிழில் இந்த வகைக்குத் தேடினால் நேராகத் திருச்செங்கோட்டுக்குத்தான் வரவேண்டும். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை அது சேலம் மாவட்டம். அந்த ஊர்ப்பக்கம் பிறந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000-ல் வந்தது. நாயகன் கூளையன் ஓர் அருந்ததியர் சிறுவன். கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிறான். பனைமரமும் மேட்டுக்காடும் ஆட்டுப்பட்டியும்தான் அவன் உலகம்.

கூளையனுக்கு அப்பா, அம்மா உண்டு. ஆனால் அவர்கள் வாங்கிய பணத்துக்கு ஈடு அவன்தான். போலினின் பணத்தை வீடு தின்கிறது. இங்கே கடன் பையனையே தின்கிறது. என்னைக் கேட்டால், பெற்றோர் இல்லாத போலினைவிட இவன்தான் பெரிய அநாதை. அவளுக்காவது தூங்க ஓர் அறை இருந்தது.

இத்தனைக்கும் 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி கொத்தடிமைக் கடன் தானாகவே ரத்து. யாரும் திருப்பிக் கட்டத் தேவையில்லை, வசூலிக்க வழக்கும் போட முடியாது. முன்பணம் கொடுத்து ஒரு குழந்தையை எங்காவது வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால், 1098-க்கு அழைக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாவல் முழுக்க ஒரே அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். மேய்ச்சல் காட்டில் பிள்ளைகள் கூடிவிட்டால் ஒரே கொட்டம்தான். அடி வாங்கின கையோடு விளையாடப் போவார்கள். அந்தப் பக்கங்கள்தான் உண்மையில் நெஞ்சை அடைக்கும்.

பேச்சு முழுக்க கொங்குத் தமிழ், முதல் சில பக்கங்கள் கொஞ்சம் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும். தமிழ் படிக்க வராத நண்பர்களுக்கு வ.கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 'சீசன்ஸ் ஆஃப் த பாம்' இருக்கிறது.