மாத்திரையை நிறுத்துமுன் காலண்டரைப் பாருங்கள்

மெனோபாஸ் கால ஹார்மோன் சிகிச்சையில் தலைவலி வருவது ஏன், என்ன செய்யலாம்?

சமையலறைச் சுவரில் மாதக் காலண்டரை மாட்டி, அதில் பால் கணக்கு எழுதும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாக்கெட் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கிய நாளில் ஒரு சுழி. ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்குத் தலைவலி வந்தால், “எந்தெந்த நாளில் வலிக்கிறது?” என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். அதற்கான பதிலும் அப்படியொரு காலண்டரில்தான் இருக்கும்.

ஆனால் வீட்டில் பெரும்பாலும் நடப்பது வேறு. 48 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதமாக உடம்பு திடீர் திடீரென்று குப்பென எரிகிறது. நடுராத்திரியில் வியர்த்து ஜாக்கெட் நனைந்துபோகிறது. மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் எழுதிக் கொடுக்கிறார். சில வாரங்களில் எரிச்சல் அடங்கித் தூக்கம் வருகிறது. கூடவே நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்குகிறது. “ஹார்மோன் மாத்திரைன்னாலே அப்படித்தான், விட்டுடுங்க அண்ணி” என்கிறாள் நாத்தனார். அவரும் விட்டுவிடுகிறார். எரிச்சல் திரும்பி வருகிறது. தலைவலியோ முன்னைவிடக் கூடுகிறது.

மருந்தை நிறுத்திய பிறகும் வலி ஏன் கூட வேண்டும்?

ஏற்ற இறக்கம்தான் வம்பு

சிறு வயதில் ஒற்றைத் தலைவலி ஆண், பெண் இருபாலரையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பாதிக்கிறது. பூப்பெய்திய பிறகு கணக்கு மாறுகிறது: ஆண்களைப்போல் மூன்று மடங்கு பெண்கள் அதனால் அவதிப்படுகிறார்கள். இதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு என்பது தெரியும். கூடுவதால் வலிக்கிறதா, குறைவதால் வலிக்கிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பிரையன் சோமர்வில் 1972-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. மாதவிலக்கையொட்டித் தலைவலி வரும் பெண்கள் சிலருக்கு, விலக்குக்குச் சற்று முன்பு அவர் ஈஸ்ட்ரடயால் ஊசி போட்டார். விலக்கு வழக்கமான நாளில் வந்தது. தலைவலி மட்டும் தள்ளிப்போய், ஊசியின் வீரியம் இறங்கிய பிறகே வந்தது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் சரியும்போது தலைவலி கிளம்புகிறது என்பது அப்போது தெளிவானது.

மாதவிலக்கு நின்று 12 மாதங்கள் முடிந்தால் அது மெனோபாஸ். இந்தியாவில் சராசரியாக 46, 47 வயதில் இது வருகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்குவதில்லை; கோடைக்கால மின்சாரம்போல் திடீரென ஏறி, திடீரென விழுகிறது. ஒற்றைத் தலைவலி உள்ள பலருக்கு அந்த ஆண்டுகள்தான் மோசமானவை. விலக்கு முழுதாக நின்று, ஹார்மோன் தாழ்ந்த அளவில் நிலைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு வலி குறைகிறது. அறுவை சிகிச்சையில் சினைப்பைகளை எடுத்துவிட்டால் சரிவு ஒரே நாளில் நிகழ்வதால், பலருக்கு வலி கூடிவிடுகிறது.

ஆக, ஹார்மோன் சிகிச்சை ஒரு ஸ்டெபிலைசர்போல் வேலைசெய்ய வேண்டும். அது புதிதாக ஏற்ற இறக்கத்தை உண்டாக்கினால் தலைவலி வருகிறது. சட்டென்று நிறுத்தினாலும் வருகிறது.

வாய்வழியா, தோல்வழியா?

விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே கணிசமான பகுதி உருமாறிவிட, மீதிதான் ரத்தத்துக்கு வருகிறது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அளவு ஏறி, அடுத்த மாத்திரைக்குள் இறங்கிவிடும். ஒரு நாள் மறந்தால் சரிவு இன்னும் ஆழம். தோலில் ஒட்டும் பட்டையிலோ, பூசும் ஜெல்லிலோ மருந்து கல்லீரலைச் சுற்றாமல் ரத்தத்தில் சேர்கிறது. அளவும் சீராக இருக்கிறது. தலைவலிக்காரர்களுக்கு மருத்துவர்கள் தோல்வழியைப் பரிந்துரைப்பது இதனால்தான். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தம் உறையும் ஆபத்தும் குறைவு.

ஜெல் பூசுவதற்கும் முறை உண்டு. குளித்து, நன்றாகத் துவட்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தொடையிலோ மேற்கையிலோ மெல்லிதாகத் தடவி, காயவிட்ட பிறகே சேலையோ நைட்டியோ படலாம். மார்பில் பூசக் கூடாது. கையை உடனே கழுவ வேண்டும். பூசிய இடம் குழந்தைகள்மீது படக் கூடாது. பட்டை ஒட்டுபவர்கள், வெயில் நாளில் வியர்வையில் அதன் ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாதி உரிந்த பட்டை பாதி மருந்துதான் தரும்.

இரண்டாவது ஹார்மோன்

கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் ஆபத்து கூடும். அதனால் புரோஜெஸ்டோஜனும் சேர்க்கப்படுகிறது. இதை மாதத்தில் 12 முதல் 14 நாட்கள் மட்டும் எடுக்கும் முறை உண்டு. தினமும் எடுக்கும் முறையும் உண்டு. சிலருக்குத் தலைவலி தருவது இந்த இரண்டாவது மருந்துதான். தினசரி முறைக்கு மாறுவது, இரவில் எடுக்கும் இயற்கை வகைப் புரோஜெஸ்டிரோன், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயில் என மாற்று வழிகள் இருக்கின்றன. வலிக்கிறதே என்று புரோஜெஸ்டோஜனை மட்டும் தானாக நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வதுதான் செய்யவே கூடாத தவறு.

காலண்டர் காட்டிக்கொடுக்கும்

தலைவலி வந்த நாளுக்குச் சிவப்புச் சுழி, ஹார்மோன் மருந்து எடுத்த நாளுக்கு நீலப் புள்ளி, வலி மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. இவ்வளவு போதும். மூன்று மாதம் குறித்தால் ஓர் ஒழுங்கு தெரியவரும். சிவப்பெல்லாம் புரோஜெஸ்டோஜன் நாட்களில் குவிந்தால் சந்தேகம் அதன்மீது. பட்டை மாற்றுவதற்கு முந்தைய நாளில் விழுந்தால், மருந்து தீரும் நேரத்துச் சரிவு. மாத்திரை மறந்த மறுநாள் என்றால் காரணம் கண்முன்னே இருக்கிறது. ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: வெள்ளிக்கிழமை விரதமா, தூக்கம் கெட்ட இரவா, ரத்த அழுத்தமா? தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-ல் இப்படிப்பட்ட 94 பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

சிகிச்சை தொடங்கிய புதிதில் வரும் லேசான தலைவலி பலருக்கு மூன்று மாதத்துக்குள் தானே அடங்கிவிடுகிறது. அதுவரை குறிப்பதும் பொறுத்துப் பார்ப்பதும் வீண்போகாது.

பெருக்கல் குறிகளையும் எண்ணுங்கள். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான், எர்கோட்டமைன், கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கும். அப்போது பழியை ஹார்மோன்மீது போடுவதில் பயனில்லை.

ஒளிக்கோடு தெரிந்தால்

தலைவலிக்கு முன்பு பார்வையில் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் மின்னுவதும், ஒரு பக்கம் மரத்துப்போவதும் சிலருக்கு உண்டு. இதை ‘ஆரா’ என்பார்கள். இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கருதி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தருவதில்லை. மெனோபாஸ் சிகிச்சையில் அளவு குறைவு, வகையும் வேறு என்பதால் அதே தடை அப்படியே பொருந்தாது. தோல்வழியாக, குறைந்த அளவில் தர முடியும். ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு ஆரா புதிதாக வந்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவு அதிகமாகிவிட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

சில தலைவலிகளுக்குக் காலண்டர் வேண்டாம்; 108-ஐ அழைக்க வேண்டும். இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் விழுதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல் ஆகியவை அந்த வகை. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, சீப்பு பட்டாலே மண்டைத்தோல் வலித்தால், மெல்லும்போது தாடை நொந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே போய்விடும் அபாயம் உண்டு.

மற்ற தலைவலிகளுக்கு அவகாசம் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது காலண்டரின் மூன்று தாள்களைக் கிழித்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். “டாக்டர், தலை வலிக்குது” என்றால் வலி மாத்திரை கிடைக்கும். “இந்தப் பன்னிரண்டு நாளில்தான் வலிக்குது” என்று தாளைக் காட்டினால், எந்த மருந்தை மாற்றுவது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.