சக்கரங்களின் மேல் ஒரு ஹாக்கிக் கோடை

பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்கென்றே பெரிய அரங்குகள் உண்டு. ஆட்டப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்துவிடும். கோடை வந்ததும் பனிக்கட்டியை உருக்கிவிட்டால், குளிர்க்குழாய்களை மூடியிருக்கும் வெறும் காங்கிரீட் தரைதான் மிஞ்சும். ஆட்டக்காரர்களில் பலருக்குக் கோடையில் வேலையும் இல்லை; வருமானமும் இல்லை.

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள முன்வந்தவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் மர்ஃபி. கூடைப்பந்திலும் பனி ஹாக்கியிலும் முன்பே போட்டிச் சங்கங்களை நிறுவி அனுபவம் பெற்றவர். 1993-ஆம் ஆண்டுக் கோடையில் ‘ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல்’ என்ற தொழில்முறைப் போட்டித் தொடர் 12 குழுக்களுடன் தொடங்கிற்று. ஒவ்வொரு குழுவுக்கும் 14 ஆட்டங்கள். கத்தி பொருத்திய காலணிக்குப் பதிலாகச் சக்கரக் காலணி. பனிக்கட்டிக்குப் பதிலாக உலர்ந்த தரை. பல அரங்குகளில் காங்கிரீட்டின் மேல் பிளாஸ்டிக் சதுரங்களை ஒன்றோடொன்று கோத்துப் பரப்பினார்கள். இரு ஆட்டங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஓர் இயற்பியல் ஆசிரியன் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

முதலில் பனிக்கட்டியையே எடுத்துக்கொள்வோம். அது ஏன் வழுக்குகிறது? “ஆட்டக்காரரின் எடை கத்தியின் மெல்லிய விளிம்பில் அழுந்துகிறது, அழுத்தத்தால் பனி உருகி நீராகிறது, அந்த நீரில் கத்தி வழுக்குகிறது” என்று பல பாடநூல்கள் சொல்கின்றன. சொல்லட்டும், நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் ஒரு காலில் நிற்கிறார். எடை ஏறத்தாழ 600 நியூட்டன். கத்தி 3 மில்லிமீட்டர் அகலம், பனியைத் தொடும் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 நியூட்டன், அதாவது சுமார் 20 வளிமண்டல அழுத்தம். பனியின் உருகுநிலையை 1 டிகிரி செல்சியஸ் குறைக்கவே சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும்! ஹாக்கி அரங்கின் பனியோ ஏறக்குறைய -5 டிகிரியில் இருக்கிறது. கத்தியின் ஓரம் மட்டும் பதிந்து அழுத்தம் சில மடங்கு கூடினாலும் போதாது.

இதைவிட நல்ல சாட்சி ஆட்டத்திலேயே இருக்கிறது. பந்துக்குப் பதில் அடிக்கப்படும் ‘பக்’ என்ற ரப்பர் வட்டு! அதன் விட்டம் 7.6 சென்டிமீட்டர், நிறை சுமார் 170 கிராம். தட்டையாகக் கிடக்கும்போது அது பனியின் மேல் செலுத்தும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 250-இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் அருமையாக வழுக்குகிறதே! பனியின் மேற்பரப்பில் உருகுநிலைக்குக் கீழேயும் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டிலேயே கூறினார். உராய்வினால் எழும் வெப்பமும் வழுக்கலுக்கு உதவுகிறது என்று 1939-இல் பௌடனும் ஹியூஸும் காட்டினார்கள். ஆகவே பனிக்கட்டி தன் உயவுப் பொருளைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

உலர்ந்த தரைக்கு இந்தப் பேறு இல்லை. கேரம் பலகையில் மாவு தூவாமல் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கணக்குக்காகப் பனியில் வட்டின் உராய்வுக் கெழு 0.05 என்றும், பிளாஸ்டிக் தரையில் 0.2 என்றும் கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒருவர் வட்டைத் தன் தோழருக்குத் தள்ளிவிடுகிறார். பனியில் அது தானாக நிற்பதற்கு 100 மீட்டர் ஓட வேண்டும். அரங்கின் நீளமே சுமார் 61 மீட்டர்தான். உலர்ந்த தரையிலோ 25 மீட்டரில் நின்றுவிடும். ஆட்டத்தின் உயிரே போய்விடாதா?

சரி, வட்டின் எடையைக் குறைத்தால் என்ன? அந்தத் தொடரில் பனி ஹாக்கி வட்டைவிட இலேசான பிளாஸ்டிக் வட்டையே பயன்படுத்தினார்கள். ஆனால் சற்று யோசியுங்கள். உராய்வு விசை எடைக்கு நேர்விகிதம். விசையை நிறையால் வகுத்தால்தான் வேகத் தணிவு கிடைக்கும். மேலும் கீழும் நிறை அடிபட்டுப் போகிறது. எடை குறைந்ததால் வட்டு மேலே பட்டால் அடி குறையும், ஓட்டம் நீளாது. தொடும் பரப்பைக் குறைப்பதாலும் பயன் இல்லை. உராய்வு பரப்பைப் பொறுத்ததன்று என்பது நீங்கள் படித்த விதிதானே! மாற்ற வேண்டியது தொடும் பொருளைத்தான். அதனால்தான் இவ்வகை வட்டுகளின் இரு முகங்களிலும் நைலான் போன்ற வழவழப்பான பொருளில் சிறு குமிழ்களைப் பதிக்கிறார்கள். தரையைத் தொடுவது குமிழ்கள் மட்டுமே.

இன்னொரு தொல்லையும் உண்டு. வட்டு திடீரென்று விளிம்பில் நிமிர்ந்து, சக்கரம்போல் உருண்டு ஓடிவிடும். உராய்வு மட்டும் இதைச் செய்ய முடியாது. இவ்வளவு தட்டையான பொருளைக் கவிழ்க்க அந்தத் திருப்புதிறன் போதாது. சதுரங்கள் சேரும் இடத்தில் உள்ள சிறு மேடுகளில் தட்டுவதுதான் காரணம். தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையின் குதியிலிருந்து நுனிவரை வட்டை உருட்டிவிட்டுச் சுழற்சியோடு அனுப்புவார். சுழலும் வட்டு கோண உந்தத்தின் காரணமாகத் தன் தளத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. பம்பரம் கற்பிக்கும் பாடமேதான்.

வட்டுக்கு உராய்வு பகை. ஆனால் அதே தரையில் ஓடும் மனிதருக்கு அது துணை! விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறவர் ஏறத்தாழ 31 டிகிரி சாய வேண்டும். சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு குறைந்தது 0.6 இருக்க வேண்டும். இல்லையேல் கால் வழுக்கித் தடுப்புச் சுவரில்தான் போய் மோதுவார். அதனால் உள்ளரங்கில் மென்மையான பாலியூரித்தேன் சக்கரங்களை விரும்புகிறார்கள். ‘ஷோர் ஏ’ அளவையில் கடினம் 74 முதல் 78 வரை இருக்கும். வெளித்தரைச் சக்கரங்கள் 82-க்கு மேல். மென்மைக்கு ஒரு விலையும் உண்டு. சக்கரம் தரையில் நசுங்கி மீளும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. ரப்பர் பந்து விழுந்த உயரத்துக்குத் திரும்ப எழாததும் இதனால்தான். எனவே பிடிப்பு வேண்டுமானால் கால்கள் கூடுதலாக உழைக்க வேண்டும். கனத்த உடலினர் சற்றுக் கடினமான சக்கரத்தைத் தேடுகிறார்கள்.

அமைப்பாளர்கள் விதிகளையும் மாற்றினார்கள். பனி ஹாக்கியில் காவலர் நீங்கலாக 5 பேர். இங்கே 4 பேர். 20 நிமிடப் பகுதிகள் மூன்றுக்குப் பதில் 12 நிமிடப் பகுதிகள் நான்கு. நீலக் கோடுகள் நீக்கப்பட்டன. இடம் தாராளமாயிற்று, ஓட்டமும் கோல்களும் பெருகின. என் கருத்தில், வட்டைச் சீர்திருத்தியதைவிடக் களத்தில் ஓர் ஆளைக் குறைத்ததே கெட்டிக்காரத்தனம்.

முதல் பருவத்தின் இறுதிச் சுற்றில் ஓக்லண்ட் ஸ்கேட்ஸை வென்று, மர்ஃபியின் பெயர் தாங்கிய கோப்பையைப் பெற்றது அனஹைம் புல்ஃபிராக்ஸ் குழு. மறு ஆண்டே 12 குழுக்கள் 24 ஆயின. வளர்ச்சி மிக வேகமாயிருந்தது, தாங்கவில்லை. 1997-இல் 10 குழுக்களே எஞ்சின. 1998-இல் ஆட்டமே நடக்கவில்லை. 1999-ஆம் ஆண்டுப் பருவம், செயின்ட் லூயிஸ் வைப்பர்ஸ் வெற்றியோடு, கடைசியாகிவிட்டது. ஆனால் 1996 முதல் 2017 வரை சர்வதேசப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பு நடத்திய சக்கர ஹாக்கி உலகப் போட்டிகளிலும் காவலர் நீங்கலாக 4 பேரே ஆடினர்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. வழவழப்பான பலகையில் ஒரு கேரம் காயை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். காய் நழுவத் தொடங்கும் கணத்தில் முனையின் உயரத்தை அளந்து, கிடைத்தூரத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும். இரண்டு காய்களை ஒட்டி எடையை இரட்டிப்பாக்குங்கள். பலகையில் மாவு தூவுங்கள். கடைசியாகக் காயின் அடியில் மூன்று சிறு மெழுகுத் துளிகளை ஒட்டி, குமிழ் வட்டாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கோணம் கூடுகிறதா, குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.