லங்காவி கடற்கரையில் விமானம் பார்க்கப் போகிறீர்களா?

விடுமுறைப் பயணங்களைப் பற்றிய எங்கள் கலந்துரையாடலில் கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு தாயார் எழுந்து இப்படிக் கேட்டார்: “பள்ளி விடுமுறைக்கு லங்காவி போறோம். மகனுக்கு விமானம்னா உயிரு. ஏதோ ஒரு தீவுல ஆளுங்க தலைக்கு மேலயே பிளேன் போறத வீடியோவுல காட்டுறாங்க. அந்த மாதிரி நாமளும் லங்காவியில வேலி ஓரமா நின்னு பார்க்கலாமாங்க?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. தொலைக்காட்சியில் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதிலும் அதற்குக் கிடையாது. ஆகவேதான் இந்த வாரம் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்த வீடியோவுக்கு வருவோம். அது கரீபியக் கடலில் உள்ள செயின்ட் மார்ட்டின் தீவு. பாதி பிரெஞ்சுக்காரர்களுடையது, பாதி டச்சுக்காரர்களுடையது. டச்சுப் பகுதியில் பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் சுமார் 2,300 மீட்டர்தான். நம் சுபாங் ஓடுபாதை 3,780 மீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு குட்டை என்று புரியும். ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு வேலி, வேலியை ஒட்டி ஒரு சாலை, சாலையைத் தாண்டினால் மாஹோ கடற்கரை. அவ்வளவுதான் இடைவெளி. பாதை குட்டையாக இருப்பதால் விமானி அதன் தொடக்கத்திலேயே சக்கரத்தை ஊன்றியாக வேண்டும். அதனால் கடற்கரையைத் தாண்டும்போது விமானம் மிகத் தாழ்வாக வருகிறது. 2016 அக்டோபர் வரை டச்சு நாட்டின் கே.எல்.எம். நிறுவனம் போயிங் 747 ஜம்போ விமானத்தையே அங்கே இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து உணவுக்கடையில் அன்றைய விமானங்களின் நேரத்தை ஓர் அலைச்சறுக்குப் பலகையில் எழ்தி வைப்பார்கள். பயணிகள் அதைப் பார்த்துவிட்டு மணலில் வந்து நிற்பார்கள்.

விமானம் இறங்கும்போது சாதாரணமாக 3 பாகை சரிவில் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் ஏறக்குறைய 50 மீட்டர், அதாவது பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம். ஓடுபாதையின் விளிம்பைக் கடக்கும்போது சுமார் 15 மீட்டர்தான். வேலி ஓரம் நிற்பவருக்குச் சக்கரத்தின் போல்ட்டு நட்டுகூடத் தெரிகிறது என்றால் அதில் வியப்பில்லை.

பார்ப்பவர்களுக்கு இறங்கும் விமானம்தான் பயமாகத் தெரிகிறது. உண்மையான ஆபத்து ஏறும் விமானத்தில் இருக்கிறது. இறங்கும்போது இயந்திரங்கள் முழு வேகத்தில் இருப்பதில்லை. மணல் பறக்கும், தொப்பி பறக்கும், காது அடைக்கும், இரண்டு வினாடியில் விமானம் தாண்டிப் போய்விடும். ஏறும் விமானமோ அதே இடத்தில் நின்று, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தை முழு வேகத்துக்கு முடுக்குகிறது. அப்போது பின்னால் பீறிடும் காற்று புயற்காற்றைப் போன்றது. கல்லையும் மணலையும் மட்டுமல்ல, நிற்கும் ஆளையே தூக்கி எறியும்.

“விமானம் ஒரு முனையில் இறங்கி மறுமுனையிலிருந்து ஏறுமல்லவா?” என்று கேட்பீர்கள். அங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். பட்டம் விட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பட்டம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். விமானமும் அப்படித்தான். இறங்குவதும் எதிர்காற்றில், ஏறுவதும் எதிர்காற்றில். ஆகவே காற்று மாறாத வரை, எந்த முனையின் மேலாக விமானங்கள் இறங்குகின்றனவோ அதே முனையில் நின்றுதான் மற்ற விமானங்கள் புறப்படவும் செய்கின்றன. இறங்கும் விமானத்தைப் பார்க்க மிக நல்ல இடம் எதுவோ, புறப்படும் விமானத்தின் வால் திரும்பியிருக்கும் இடமும் அதுதான்!

மாஹோவில் வேலி ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. விமானத்தின் காற்று உயிரையே பறிக்கலாம் என்று படம் போட்டு எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் கால் மிதக்க நிற்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். 2017 ஜூலை 12-ஆம் நாள் நியூசிலாந்தைச் சேர்ந்த 57 வயதுப் பெண்மணி ஒருவர் அப்படி நின்றபோது தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு இறந்தார். அன்று புறப்பட்டது ஜம்போ விமானம் அல்ல. நாம் லங்காவிக்கும் பினாங்குக்கும் ஏறிப்போகும் அதே போயிங் 737 ரகம்தான். ‘சின்ன விமானம்தானே’ என்று நினைப்பவர்கள் இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

சரி, நம் லங்காவி எப்படி? விமான நிலையம் பாடாங் மாட்சிராட்டில் இருக்கிறது. ஓடுபாதை 3,810 மீட்டர், சுபாங்கைவிடச் சற்று நீளம். ஒரு முனை கடலை ஒட்டியே முடிகிறது. தெற்கே சிறிது தூரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பந்தாய் செனாங். மணலில் உட்கார்ந்தபடியே விமானங்கள் கடல்மேல் தாழ்ந்து வருவதைப் பார்க்கலாம். மாஹோவைப் போல் தலையை உரசிக்கொண்டு போகாது. என்னைக் கேட்டால், அது ஒரு குறையே அல்ல. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தோன்றி, விளக்கு எரிந்து, சக்கரம் தெரிந்து, மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பிள்ளைகள் முழுதாகப் பார்க்க முடிகிறதே!

லங்காவி ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 03, 21 என்று எண்கள் உண்டு. இவை திசைகாட்டியின் பாகைகள். கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுவார்கள். 03 என்றால் 30 பாகை, அதாவது வடகிழக்கு நோக்கி. 21 என்றால் 210 பாகை, தென்மேற்கு நோக்கி. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது விமானங்கள் அந்தக் காற்றை எதிர்த்து, பொதுவாகக் கடல் பக்கமிருந்து வருகின்றன. கிழக்குக்கரையில் மழை கொட்டும் அந்த மாதங்களில் லங்காவியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். விமானம் பார்க்க நல்ல காலம். கடலோர முனையில், வேலியின் அருகே வண்டியை நிறுத்தாமல் இருக்க வேண்டிய காலமும் அதுவே. காற்று நாளுக்கு நாள் மாறும் என்பதால் எதையும் உறுதி என்று எண்ண வேண்டாம். வந்து இறங்கும் இரண்டு விமானங்களைத் தூரத்திலிருந்து கவனித்தால் அன்றைய திசை தெரிந்துவிடும்.

அண்டை நாட்டில் புக்கெட் விமான நிலையமும் இப்படித்தான், மாய் காவ் கடற்கரையை ஒட்டியது. அங்கே செல்பி எடுக்கும் கூட்டம் மிகுந்துபோய், 2019-இல் அதிகாரிகள் கடுமையாக எச்சரித்தார்கள். விமானப் போக்குவரத்துக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு அந்நாட்டுச் சட்டப்படி மரண தண்டனைவரை விதிக்க முடியும் என்றார்கள். படம் எடுத்ததற்காக யாரையும் தூக்கில் போடப் போவதில்லைதான். ஆனால், தாழ்ந்து வரும் விமானத்தின் முன்னால் கூட்டம் ஓடுவதும் பளிச்சென்று ஒளி அடிப்பதும் விமானியின் கவனத்தைக் கெடுக்கும் என்பது உண்மை.

விமானம் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சிப்பாங்கில் 1998-இல் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்படும்வரை சுபாங்தான் நாட்டின் பெரிய வாசல். ஒருவர் மெட்ராஸுக்குப் புறப்பட்டால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் போன கதையை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வழியனுப்பும் மாடத்திலிருந்து கையசைத்தவர்கள் எல்லாரும் ஒருவகையில் விமானம் பார்த்தவர்களே.

இதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் விமானத்தின் பதிவெண்ணைக் குறித்துக்கொள்வார்கள். மலேசிய விமானங்களின் உடலில் 9எம் என்று தொடங்கும் எழுத்தைப் பார்க்கலாம். சிங்கப்பூருக்கு 9வி, இந்தியாவுக்கு விடி, இலங்கைக்கு 4ஆர். எங்கே கேமரா நீட்டுகிறோம் என்பதில் மட்டும் கவனம் தேவை. 2001-இல் கிரேக்க நாட்டு இராணுவ விமானத் தளத்தில் பதிவெண் குறித்த பிரிட்டிஷ், டச்சுக்காரர்கள் உளவாளிகள் என்ற சந்தேகத்தில் கைதானார்கள். மேல்முறையீட்டில் விடுதலையாக ஓராண்டு பிடித்தது. நம் நாட்டில் சிவப்புப் பலகையில் ‘கவாசான் லாராங்கான்’ என்று கண்டால் கேமராவை உறையில் போட்டுவிடுங்கள். அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவதும், விமானம் வரும் வழியில் பட்டம் விடுவதும் கூடவே கூடாது.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். தாராளமாகப் பாருங்கள் அக்கா, ஆனால் வேலி ஓரம் வேண்டாம். கடற்கரை மணலே போதும். ஓடுபாதைக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி இருங்கள். சிறு பிள்ளைகளுக்குக் காதைப் பொத்திவிடுங்கள். விமானம் வரும் நேரத்தைக் கைப்பேசிச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். செனாங் மேற்கு நோக்கிய கரை என்பதால், காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், படத்தில் விமானத்தின் நிறமும் எழுத்தும் நன்றாக விழும். மாலையில் எடுத்தால் சிவந்த வானத்தில் கறுப்பு நிழலாகத்தான் வரும். மகனுக்குப் பதிவெண் வேண்டுமென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.