கண்ணாடி இழையை இணைக்கும் முறை

விடுதிகளிலும் கணிப்பொறிச் சாலைகளிலும் மஞ்சளுறை பூண்ட மெல்லிய வடமொன்று சுவரோரமாய்ச் சென்று, ஸ்விட்ச் என்னும் பெட்டியிற் புகுவதை நேயர்கள் கண்டிருப்பர். அதனுள் இருப்பது செம்புக் கம்பியன்று, கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாய்வதில்லையாதலின், தீண்டினோரைத் தாக்காது. இதுபற்றியே பலர் அதனைச் சாதுவான பொருளென எண்ணி அலட்சியமாய்க் கையாளுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

கண்ணாடியைப் போதிய அளவு தூய்மைப்படுத்தின், அது ஒளியை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் என 1966-இல் எடுத்துரைத்தவர் சார்லஸ் கௌ. அதன் பொருட்டு 2009-இல் நோபெல் பரிசு பெற்றார். இந்நாளில் மிகுதியும் வழங்கும் இழையின் மொத்தக் குறுக்களவு 125 மைக்ரான். அதனுள் ஒளி செல்லும் நடுக்கருவோ ஏறக்குறைய 9 மைக்ரானே.

முதலாவது, இழையின் நுனியையோ, அது செருகப்படும் துளையையோ நேரே உற்றுநோக்கலாகாது. இவ்விழைகளிற் செல்லும் ஒளி பெரும்பாலும் 1310 அல்லது 1550 நானோமீட்டர் அலைநீளம் உடையது. நம் கண்ணோ 700 நானோமீட்டர் அளவோடு நின்றுவிடும். பகலவனைப் பார்த்தால் இமை தானே மூடிக்கொள்கிறது. காணாத ஒளிக்கு இமை மூடுவதெங்ஙனம்? கைப்பேசியின் காமிராவும் இவ்வொளியைக் காட்டாது. சாதாரண ஸ்விட்சுகளின் ஒளி வலிமை குறைந்ததேயெனினும், உருப்பெருக்கியால் நோக்குவோர் கண்ணில் அது குவிந்துவிடும். பெருக்கிகள் அமைந்த நெடுந்தூர வடங்களிலோ அபாயம் பன்மடங்கு. ஆதலின் மறுமுனையை அணைத்து, ஒளிமானியால் அளந்து, ஒளியின்மையை உறுதி செய்துகொண்ட பின்னரே நுனியைச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, தூசி. 9 மைக்ரான் வழியை அடைக்க ஒரு துகளே போதும். ஒருகால் யான் ஓர் இணைப்பு உயிர்பெறாமை கண்டு, பெட்டியையும் கருவியையும் மாற்றி மாற்றி அரைநாளைக் கழித்தேன். பின்னர் நுனியைத் துடைத்தவுடன் விளக்கு எரிந்தது. மூடியிட்டு வைத்திருந்த நுனியாயிற்றே எனத் துடையாது விட்டதே என் பேதைமை; மூடியினுள்ளும் தூசி உண்டு. சட்டை நுனியால் துடைப்பதும், வாயால் ஊதுவதும் அழுக்கைக் கூட்டுமேயன்றிக் குறையா. இதற்கென விற்கும் துடைப்பானாலேனும், நூல் பிரியாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்தேனும் ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் துடைத்துச் செருகுக.

நீலநிற நுனியோடு பச்சைநிற நுனியைப் பொருத்தலாகாது. பச்சையின் முகம் 8 பாகை சாய்வாய்த் தீட்டப்பெற்றது. பிடித்துத் திணித்தால் இரண்டுங் கெடும். ஓரிடத்து அனுப்பும் துளை மற்றையிடத்து வாங்கும் துளைக்கே செல்லவேண்டும். 80 கிலோமீட்டருக்கென அமைந்த ஒளிமாற்றிகள் இரண்டை இரண்டு முழ வடத்தால் இணைப்பின், வாங்கும் கருவி பழுதுறும்; இடையே ஒளிகுறைப்பான் வைத்தல் முறை.

மிகுந்த வடத்தைச் சுருட்டுங்கால் வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று. குறையின் ஒளி வெளியே கசியும். இழையை வெட்டி ஒட்டுவோர் உதிரும் துண்டுகளை மூடியுள்ள பாத்திரத்தில் உடனுக்குடன் இடுவாராக. அவை தோலிற் புகுந்தால் காண்டலும் அரிது, களைதலும் அரிது. அம்மேசையருகே உணவருந்துவோரை யான் கண்டதுண்டு.