கடல் தாண்டிய கைகள் – 9: அனுமதி மறுத்தவர், அனுமதி கேட்டவர்

போன வாரம் கம்போடியாவில் நின்றோம். காலையில் அங்கோர் வாட், மாலையில் அநாதை இல்லம் என்று திட்டம் போடும் சுற்றுலாக்காரர்கள், அவர்களை நம்பிப் பெருகிய இல்லங்கள். அந்த இல்லங்களுக்குள் இந்த வாரம் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். நுழைவோம். ஆனால் இந்த வாரம் முழுக்க ஒரு ஜெர்மன் நீதிபதி என்னை வேறு பக்கம் திரும்ப விடவில்லை. வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களிடம் இந்தத் தொடர் முதலிலிருந்து கேட்டுவருவது ஒரே கேள்வி: உங்களை யார் கூப்பிட்டார்கள்? அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் நின்ற மனிதர் இவர்.

பெயர் லோதார் கிரைசிக். 1898-ல் சாக்ஸனியில் ஃப்ளோஹா என்ற ஊரில் பிறந்தவர். நாஜிக் கட்சியில் சேர மறுத்தவர். 1937-ல் பெர்லினுக்கு மேற்கே, ஹாஃபெல் நதிக்கரையில் இருக்கும் பிராண்டன்பர்க் நகரத்துக்கு நீதிபதியாக வந்தார். அங்கே அவர் பார்த்தது கார்டியன் வழக்குகள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்குச் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமித்து, அந்தக் காப்பாளர் ஒழுங்காக நடக்கிறாரா என்று மேற்பார்வை பார்க்கிற வேலை. மனநோயாளிகளும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுமாகப் பல நூறு பேர் இப்படி அவர் பொறுப்பில் இருந்தார்கள். அவர்கள் வெவ்வேறு விடுதிகளில் தங்கியிருந்தார்கள். அவர்களைப் பற்றிய கோப்புகள் அவர் மேஜைக்கு வரும்.

1940-ல் அந்தக் கோப்புகளில் ஒரே மாதிரியான தகவல் வர ஆரம்பித்தது. இன்னார் வேறு விடுதிக்கு மாற்றப்பட்டார். சில நாள் கழித்து, இன்னார் இறந்துவிட்டார். அடுத்த கோப்பிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. இப்போது நமக்குத் தெரியும்: அது பெர்லினில் டீர்கார்டன் தெரு 4-ஆம் எண் வீட்டிலிருந்து நடத்தப்பட்ட கொலைத் திட்டம். 1941 ஆகஸ்ட் வரைக்குமே 70,000 பேருக்கு மேல், மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும், நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். குடும்பங்களுக்குப் பொய்க் காரணம் எழுதிய இரங்கல் கடிதம் போனது. ஆறு கொலைக்கூடங்களில் ஒன்று, கிரைசிக்கின் நீதிமன்றம் இருந்த அதே பிராண்டன்பர்க்கில், பழைய சிறைச்சாலைக் கட்டடத்தில் இயங்கியது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 1940-ல் 9,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

கோப்புகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் வேறு பலரும் இருந்திருப்பார்கள். இவர் பேனாவை எடுத்தார். 1940 ஜூலை 8 அன்று நீதித்துறை அமைச்சர் ஃபிரான்ஸ் கியூர்ட்னருக்குக் கடிதம் எழுதினார். திட்டத்தை நடத்திய நாஜித் தலைவர் ஃபிலிப் பூலர் மீது கொலைக் குற்றம் சாட்டிப் புகார் கொடுத்தார். அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. தன் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கியிருந்த விடுதிகளுக்கெல்லாம் உத்தரவு அனுப்பினார்: என் அனுமதி இல்லாமல் இவர்களில் ஒருவரையும் இடம் மாற்றக் கூடாது.

அந்த ஆட்சியின் முழு பலத்துக்கும் எதிரே ஒரு கீழ்நிலை நீதிபதியின் கையில் இருந்தது அந்த ஓர் அதிகாரம்தான். காப்பாளர் சட்டம் கொடுத்த அதிகாரம். தாங்களே ‘முடியாது’ என்று சொல்ல முடியாதவர்களுக்காக அவர் ‘முடியாது’ என்றார்.

நவம்பர் 13-ஆம் தேதி அமைச்சர் அவரை நேரில் வரவழைத்து, ஹிட்லர் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினார். கொலைகளுக்கு அதுதான் ஆதாரம். தலைவர் எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடாது என்றார் கிரைசிக். தலைவரின் விருப்பத்தைச் சட்டமாக ஏற்க முடியாதவர் நீதிபதியாகத் தொடர முடியாது என்று அமைச்சர் சொன்னார். நீண்ட விடுப்பில் அனுப்பினார்கள். 1942-ல் கட்டாய ஓய்வு. அவர் தன் பண்ணைக்குப் போய் விவசாயம் பார்த்தார். போர் முடியும்வரை இரண்டு யூதப் பெண்களை அவரும் மனைவியும் அந்தப் பண்ணையில் மறைத்துக் காப்பாற்றினார்கள். ஜெர்மன் நீதிபதிகளில் இந்தக் கொலைகளை இப்படி வெளிப்படையாக எதிர்த்தவர் இவர் ஒருவரே என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

இந்தத் தொடருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1958 ஏப்ரல் 30 அன்று, பெர்லினில் நடந்த ஜெர்மன் சீர்திருத்தத் திருச்சபைப் பேரவையில், இதே கிரைசிக் ஓர் அறைகூவலை வாசித்தார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாம் தொடங்கிய போரால் துன்பப்பட்ட மக்களிடம் போவோம். அவர்கள் நாட்டில், நம் கையாலும் நம் பொருளாலும் ஏதாவது நல்லது செய்ய எங்களை அனுமதியுங்கள் என்று கேட்போம். சாரம் இதுதான். போலந்து, ரஷ்யா, இஸ்ரேல் என்று நாடுகளையும் பெயர் சொல்லி முன்வைத்தார்.

உதவி செய்ய வருகிறோம் என்று அவர் அறிவிக்கவில்லை. வரலாமா என்று கேட்டார். மறுக்கிற உரிமை எதிரே இருப்பவருக்கு உண்டு என்று தெரிந்தே கேட்டார். கூப்பிட்டவர்களிடம் மட்டும் போனார்கள். 1959-ல் முதலில் நார்வேயும் நெதர்லாந்தும் சம்மதித்தன. பெயர் சொல்லிக் கேட்ட மூன்றில் இஸ்ரேலுக்கு முதல் குழு போக 1961 ஆயிற்று. மற்ற இரண்டிலும் அதைவிட நெடுநாள் காத்திருந்தார்கள். நார்வேயின் வடகோடியில் கோகெல்ஃப் என்றொரு மீனவ ஊர். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்தப் பிராந்தியத்தையே எரித்துவிட்டுப் போயிருந்தது. அங்கே ஜெர்மன் இளைஞர்கள் போய் ஒரு தேவாலயம் கட்டிக்கொடுத்தார்கள். அறைகூவலிலிருந்து பிறந்த ஆக்‌ஷியோன் ஸூனெட்சைக்கன் அமைப்பு இன்றும் பள்ளி முடித்த பிள்ளைகளை ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு வெளிநாடு அனுப்புகிறது. மாற்றுத்திறனாளிகளோடும், வதைமுகாம்களிலிருந்து மீண்ட முதியவர்களோடும் அவர்கள் வேலை செய்கிறார்கள். தன் பொறுப்பில் இருந்து கொல்லப்பட்டவர்களுக்காக எழுதியவர் தொடங்கிய அமைப்பில், இன்று ஒரு ஜெர்மன் இளைஞன் வேறொரு நாட்டு மாற்றுத்திறனாளியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே 1940-ல் ஸ்காட்லாந்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கார்ல் கோனிக், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பியோடி, அபர்தீன் பக்கம் வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து வந்த இளம் அகதிகளோடு, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைத் தங்களுடனேயே வைத்து வளர்க்கத் தொடங்கினார். கேம்ப்ஹில் என்ற பெரிய வீட்டுக்குக் குடிபோக ஏற்பாடு செய்திருந்த நேரத்தில், பிரிட்டிஷ் அரசு ஆண்களை ‘எதிரி நாட்டார்’ என்று பிடித்துக் காவலில் வைத்துவிட்டது. பெண்கள் காத்திருக்கவில்லை. ஜூன் 1 அன்று, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர்களே வீடு மாறினார்கள். ஒரு நாட்டில் இத்தகைய பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த அதே மாதங்களில், அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள் இன்னொரு நாட்டில் அவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் கேம்ப்ஹில் குடியிருப்புகள் உண்டு. வெளிநாட்டுத் தொண்டர்கள் பெரும்பாலும் ஒரு வருடம் அங்கேயே தங்குகிறார்கள். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் உண்டு.

ஒரு வருடம் எதற்கு? சாப்பாடு ஊட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு நின்றபடி ஊட்டக் கூடாது. அவர் அண்ணாந்தால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். கரண்டியைத் தாழ்வாகக் கொண்டுவந்து காத்திருக்க வேண்டும். வாய் தானாகத் திறக்கும். உள்ளே போனது இறங்கிவிட்டதைத் தொண்டை அசைவில் பார்த்த பிறகே அடுத்த வாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தமா, சூடு அதிகம் என்று அர்த்தமா, இன்றைக்கு ஊட்டுகிற ஆளைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமா? பேச்சு வராதவரின் சம்மதத்தையும் மறுப்பையும் படிக்கப் பழகவே மாதங்கள் ஆகும். இரண்டு வாரத் தொண்டர் அதைப் பழகுவதற்குள் விமானம் ஏறிவிடுகிறார். அடுத்த திங்கட்கிழமை புதிதாக ஒருவர் வந்து உட்காருகிறார். அவருக்கு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியவர் அந்த மாற்றுத்திறனாளிதான்.

கம்போடியாவுக்கு இடம் குறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடி 269 ஆயிற்று. அங்கிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறை பற்றிய தன் விசாரணையில் சேர்த்து அறிக்கை கொடுத்தது. தெரியாத ஒருவர் வந்து தூக்கிக்கொள்ளும்போது, படம் எடுக்கும்போது, ‘என் அனுமதி இல்லாமல் கூடாது’ என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கிரைசிக் இல்லை. சுற்றுலாப் பருவத்தில் முளைத்த இல்லங்களில் காப்பாளரின் நாற்காலி காலியாகவே கிடந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ படித்துக்கொண்டு, விடுமுறையில் இப்படி ஒரு இல்லத்துக்குப் போக விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்த அமைப்புக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். எங்களைக் கூப்பிட்டது யார்? பிள்ளைகளைத் தொட, படம் எடுக்க, வெளியே கூட்டிப்போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பீர்களா? அவர்களுடைய பெற்றோர் எங்கே? இதற்கு எழுத்தில் பதில் தராத இடத்துக்குப் போக வேண்டாம். அப்படிக் கேட்டு உங்களுக்கு ஏதாவது பதில் வந்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள். கம்போடிய இல்லங்களுக்குள் நுழையும் அடுத்த வாரக் கட்டுரைக்கு அது தேவைப்படும்.

(தொடரும்)